மூன்று சென்டிமீட்டருக்காகக் காலை நீட்டினால் மறுபடி ஓட முடியுமா?

ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 23, உயரம் 167 செ.மீ. காவலர் தேர்வில் அவருடைய பிரிவுக்கு 170 செ.மீ. வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். 1500 மீட்டரை 6 நிமிடத்தில் ஓடுகிறவர். ஆனால் உயரம் அளக்கிற இடத்திலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். காலை நீட்டும் ஆபரேஷன் செய்து 5 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம், ஆறு மாதத்தில் பழையபடி ஓடலாம் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்களாம். அப்பா நிலத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். "ஆபரேஷனுக்கு அப்புறம் 7 நிமிடத்தில் 1500 மீட்டர் ஓட முடியுமா? கயிறு ஏற, நீளம் தாண்ட முடியுமா? உள்ளதைச் சொல்லுங்கள் அண்ணா" என்று கேட்கிறார்.

தம்பி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நடக்க முடியும். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒரு வருடம் கழித்து மெதுவாக ஓடவும் முடியும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிப்பது ஒன்றரை இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு சிலருக்குக் கைகூடும், எல்லாருக்கும் இல்லை. கயிறு ஏறுவது பெரும்பாலும் கை வேலை, அது தப்பித்துவிடும். அதிகம் அடிபடுவது 100 மீட்டரும் நீளம் தாண்டுதலும்தான். இன்றைக்கு நீங்கள் தாண்டுகிற தூரம் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தர முடியாது. ஆறு மாதத்தில் பழையபடி ஓட்டம் என்று சொன்னது தவறு. ஆறாவது மாதத்தில் ஊன்றுகோலை விட்டிருந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பது நியாயம். சேலத்தில் 18 வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். நாலா பக்கமும் நெடுஞ்சாலை வந்து சேர்கிற ஊர் இது. பைக் விபத்தில் எலும்பு நொறுங்கி, குட்டையாகிப்போன காலை ரிங் போட்டு நீட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உயரத்துக்காக மட்டும் வெளியூரில் செய்துகொண்டு, பயிற்சிக்காக என்னிடம் வந்தவர்கள் ஐந்தாறு பேர். விபத்துக்காரர் கோணலான காலோடு வந்து நேரான காலோடு போவார், அவருக்கு எல்லாமே லாபம். உயரத்துக்காகச் செய்துகொள்பவர் நல்ல காலோடு உள்ளே போகிறார். அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

எலும்பைப் பற்றி நீங்கள் பயப்படத் தேவையில்லை. இந்த வைத்தியத்துக்கு வழி கண்டவர் இலிசரோவ் என்கிற ரஷ்ய மருத்துவர். சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் 1950களில், போரில் கால் முறிந்தவர்களுக்கு வளையமும் கம்பியும் வைத்துச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். எலும்பை அறுத்து, சில நாள் ஆறவிட்டு, மெல்ல மெல்ல விலக்கினால் நடுவில் இருக்கிற இடைவெளியில் புது எலும்பு தானாக ஊறிவரும் என்று கண்டார். இன்றுவரை அளவு அதேதான். அறுத்த பிறகு ஒரு வாரம் போலக் காத்திருப்பார்கள். அப்புறம் நாளைக்கு 1 மில்லிமீட்டர், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. கீழ்க்கால் எலும்பு என்றால் இன்னும் மெதுவாகப் போவார்கள். வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது, ரொம்ப மெதுவாக இழுத்தால் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

5 செ.மீ. என்றால் நீட்டுவதற்கு மட்டும் 50 நாள். அதன்பின் அந்தப் புது எலும்பு கெட்டியாக வேண்டும். முதலில் எக்ஸ்ரேயில் அது புகை மாதிரிதான் தெரியும். சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு ஒன்றரை மாதம்கூட ஆகும். எலும்பின் நான்கு பக்கத்தில் மூன்று பக்கமாவது தெளிவான வெள்ளைக் கோடு விழுந்த பிறகுதான் மருத்துவர் முழு எடையையும் ஊன்றச் சொல்வார். புகைபிடிப்பவருக்கு இது இன்னும் தள்ளிப்போகும். நீங்கள் புகைபிடிப்பதில்லை என்று நம்புகிறேன்.

எலும்பு முறிந்தால் கூடுகிற பொருள், அதற்கு அந்த வேலை தெரியும். தசைக்கும் குதிகால் நரம்புக்கும் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டிவைக்கிற தசைநாணைத்தான் அப்படிச் சொல்கிறேன்) அப்படி ஒரு வேலையே உடம்பில் கிடையாது. சின்ன வயதில் எலும்பு வளரும்போது கூடவே அவையும் வளர்ந்தன, ஆனால் வருடத்துக்கு 5, 6 செ.மீ. உயரம் கூடிய காலம் அது. இங்கே இரண்டே மாதத்தில் ஒரே எலும்பில் 5 செ.மீ. போகிறது. தசை நார் தன் நீளத்தில் புதுக் கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கப் பார்க்கும், சேர்க்கவும் செய்யும். ஆனால் எலும்பின் வேகத்துக்கு அதனால் ஓடிவர முடியாது. பின்தங்கிய இடத்தில் தசைக்குப் பதிலாக விறைப்பான நார்த்தழும்பு உண்டாகும். அதோடு நான்கைந்து மாதம் எடை போடாமல் இருப்பதால் தசை மெலிந்தும் போகும். இப்படி விறைப்பும் பலவீனமும் சேர்ந்துகொண்டு ஓட்டக்காரரை மாட்டிவிடும்.

வேகமாக ஓடும்போது பாதம் தரையில் இருப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றே அதிக நேரம். அதற்குள் கெண்டைக்கால் தசை இறுகி, குதிகால் நரம்பு ரப்பர் மாதிரி இழுபட்டு, உடம்பைத் தூக்கி எறிய வேண்டும். நீட்டிய காலில் அந்த ரப்பர் ஏற்கெனவே முக்கால்வாசி இழுபட்ட நிலையில் இருக்கிறது. மேலும் இழுக்க இடமில்லாவிட்டால் உந்துதல் எங்கிருந்து வரும்? 100 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் இது உடனே தெரிந்துவிடும். 1500 மீட்டரில் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம். 7 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 28 நொடி, அந்த வேகத்துக்கு மூச்சும் பழக்கமும் பாதி கைகொடுக்கும். அதனால்தான் மேலே அதையும் இதையும் பிரித்துச் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. ஊஞ்சல் கயிறு நீளமானால் ஆட்டம் மெதுவாகும், பார்த்திருப்பீர்கள். காலும் இடுப்பிலிருந்து ஆடுகிற ஊஞ்சல்தான். கால் நீண்டாலும் அதை வீசுகிற இடுப்புத் தசை பழைய அளவுதான். நீண்ட கால், நீண்ட எட்டு, அதனால் வேகம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிறவியிலேயே நீளமான கால் இருப்பவருக்கு அதற்கேற்ற தசையும் பிறவியிலேயே இருக்கிறது. ஆபரேஷனில் எலும்பு மட்டும்தான் நீளும்.

தொடை எலும்பா கீழ்க்கால் எலும்பா என்று மருத்துவர் கேட்பார். ஓடுகிறவர் என்கிற முறையில் உங்களுக்குத் தொடைதான் நல்லது என்பது என் கருத்து. தொடை எலும்பைச் சுற்றிச் சதையும் ரத்த ஓட்டமும் அதிகம், சீக்கிரம் கூடும். முக்கியமாகக் கணுக்கால் தப்பித்துவிடும். கீழ்க்காலை நீட்டினால் குதிகால் நரம்பு இழுத்துக்கொண்டு குதிகால் தரையை விட்டு எழும்பும். பக்கத்தில் இருக்கிற ஒல்லி எலும்பையும் அறுத்து, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுப் பிடித்துவைக்க வேண்டும். பாதத்தைத் தூக்கச் சொல்லித் தசைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்பு முழங்காலுக்கு வெளிப்பக்கமாக, தோலுக்குக் கிட்டத்திலேயே போகிறது, அது இழுபட்டால் மேல்பாதம் மரத்துப்போகும், சிலசமயம் பாதம் தொங்கும். தொடையிலும் தொந்தரவு இல்லாமல் இல்லை. முழங்கால் மடங்காது, இடுப்பு முன்பக்கம் சாய்ந்து முதுகு வளையும், தொடையின் வெளிப்பக்கப் பட்டை கயிறு மாதிரி இறுகும். ஆனால் இவற்றைப் பயிற்சியால் சமாளிக்க வாய்ப்பு அதிகம்.

எந்தக் கருவி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே ரிங் போடுவது பழைய முறை, செலவு குறைவு, கம்பி போகிற துளைகளில் சீழ் பிடிக்கும். எலும்புக்குள் ராடு வைத்து வெளியே ரிங் போட்டு, நீட்டி முடித்ததும் ரிங்கை எடுத்துவிடுவது இரண்டாவது முறை. மூன்றாவது, எலும்புக்குள்ளேயே காந்தத்தால் நீளுகிற ராடு. தொடைமேல் ஒரு கருவியை வைத்தால் உள்ளே ராடு சுழன்று நீளும். வெளியே ஒன்றும் தெரியாது, மூட்டு அசைவும் நன்றாக இருக்கும், விலைதான் மிக அதிகம். அந்த டைட்டானியம் ராடு முழு எடையைத் தாங்காது. தடிமனைப் பொறுத்து ஒரு காலுக்குச் சுமார் 15 கிலோவிலிருந்து 35 கிலோ வரைதான். முழு எடை தாங்கட்டும் என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஸ்ட்ரைட் என்ற ராடை 2018-ல் கொண்டுவந்தார்கள். ராடு நீளுகிற இணைப்பில் துரு, அதைச் சுற்றி எலும்பில் அரிப்பு என்று தெரியவந்து 2021-ல் திரும்பப் பெற்றார்கள். உருக்காலை இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும் உராய்கிற இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் சித்தப்பா மாமா யாராவது சொல்வார்கள். மருத்துவமனையில் என்ன ராடு, என்ன உலோகம், எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதி வாங்குங்கள்.

என்னிடம் வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். ஒருவர் கீழ்க்காலில் ஆறரை செ.மீ. நீட்டிக்கொண்டவர். பெரிய நகரத்தில் ஆபரேஷன். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பி, காலை நீட்டுகிற திருகைத் தினமும் எத்தனை தடவை திருப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி பற்றி ஒரு தாள், அவ்வளவுதான். வலி தாங்காமல் அவர் அதைச் செய்யவில்லை. வீட்டில் அம்மா பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொடுத்திருக்கிறார். நாலு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது குதிகால் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நின்றது, முழங்காலும் நேராகவில்லை. கடைசியில் குதிகால் நரம்பை வெட்டி நீளமாக்க இன்னொரு ஆபரேஷன். இப்போது நடக்கிறார், பஸ் ஏறுகிறார், வேலைக்குப் போகிறார். ஆனால் அந்த நரம்பை நீளமாக்கினால் உந்துகிற பலம் குறையும். முன்பு சாயங்காலம் தவறாமல் ஷட்டில் ஆடியவர், இப்போது ஆடுவதில்லை. அந்தத் தலையணையை முதல் வாரமே எடுக்கச் சொல்ல ஒருவர் இல்லாமல் போனாரே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

மற்றவர் தொடையில் 5 செ.மீ., உள்ளே காந்த ராடு. ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் முன்பே என்னிடம் வந்து, தொடையையும் கெண்டைக்காலையும் இழுத்து இளக்கும் பயிற்சியைப் பழகிக்கொண்டவர். நீட்டுகிற காலத்தில் தினமும் நான்கு மணி நேரம் உழைத்தார். ஏழாம் மாதம் ஊன்றுகோலை விட்டார். பதினான்காம் மாதம் காந்தி ஸ்டேடியத்தில் மெதுவாக ஓட ஆரம்பித்தார். முன்பு 5 கி.மீ.யை 25 நிமிடத்தில் ஓடியவர், இரண்டு வருடம் கழித்து 30 நிமிடத்தில் ஓடுகிறார். "படி இறங்கும்போது கால் என்னுடையது இல்லாத மாதிரி இருக்கு" என்று இப்போதும் சொல்வார். நான் பார்த்ததிலேயே நன்றாகத் தேறியவர் இவர்தான்.

சரி, விளையாட்டு வீரர்கள் யாருமே இந்தச் சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பியதில்லையா என்றால், திரும்பியிருக்கிறார்கள். இலிசரோவை சோவியத் நாடு முழுக்கத் தெரியவைத்ததே ஒரு விளையாட்டு வீரர்தான். வலேரி புருமெல், சோவியத் நாட்டின் உயரம் தாண்டுதல் வீரர். 1963-ல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது கால் நொறுங்கியது. பல ஆபரேஷன் செய்தும் கூடவில்லை, கால் குட்டையாகவும் போய்விட்டது. 1968-ல் இலிசரோவ் அதைக் கூட்டி, நீளத்தையும் சரிசெய்தார். அதற்குப் பிறகு புருமெல் மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். மருத்துவ அதிசயம்தான். ஆனால் 2.28 திரும்ப வரவே இல்லை. உலகத்தின் தலைசிறந்த உடம்பு, அந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்தவரே கைப்பட வைத்தியம், அதிலும் குட்டையான காலைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்த வேலை. அதிலேயே ஒரு சாண் உயரம் போய்விட்டது.

உயரம் தாண்டுதல் என்றதும் நம் மாரியப்பன் தங்கவேலு ஞாபகம் வராமல் இருக்காது. பெரியவடகம்பட்டிக்காரர், உங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம்.  ஒரு கால் சிதைந்த பிறகும் வருடக்கணக்கான பழக்கத்தால் என்ன செய்ய முடியும் என்பதை அவரிடம் பார்க்கலாம். உங்களிடம் முழுமையான இரண்டு கால் இருக்கிறது. அந்த இரண்டையும்தான் இப்போது ஒரே நேரத்தில் அறுக்கக் கேட்கிறார்கள்.

ஓட்டத்தை விடுங்கள், நம் வீட்டு வாழ்க்கையைப் பாருங்கள். வெளிநாட்டு மருத்துவர்கள் நல்ல பலன் என்று சொல்லும்போது நாற்காலியில் உட்காருவதையும் படி ஏறுவதையும் கணக்கில் எடுக்கிறார்கள். நாம் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர்கள், கழிவறையில் குத்தவைத்து உட்காருகிறவர்கள், காட்டில் களை எடுக்கிறவர்கள். குத்தவைக்க முழங்கால் முழுசாக மடங்க வேண்டும், குதிகால் தரையில் இருக்கும்போதே கணுக்கால் நன்றாக முன்னால் வளைய வேண்டும். நீட்டிய காலில் கடைசியாகத் திரும்புவது இதுதான், சிலருக்குத் திரும்புவதே இல்லை. வீட்டில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம், வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிக்கொள்ளலாம். பயிற்சி மைதானத்தில் தரையில்தான் உட்கார வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்துகொள்வது என்று முடிவெடுத்தால், கால் எப்படித் திரும்பும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் ஒரு நாள் வேலை, மீதி வேலை முழுக்கப் பயிற்சியில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று மாதம் ஒரே குறிக்கோள்: முழங்கால் நேராக வேண்டும், குதிகால் கீழே வர வேண்டும். துண்டைப் பாதத்தில் மாட்டித் தன்பக்கம் இழுப்பது, இடுப்பு முன்பக்கம் இறுகாமல் இருக்கக் குப்புறப் படுப்பது, இரவில் பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கிற பட்டை. முழங்காலுக்கு அடியில் தலையணை கூடவே கூடாது. வலி வரும், அந்த வலியோடுதான் செய்ய வேண்டும். ஆனால் மரத்துப்போவது, சுரீரென்று மின்சாரம் பாய்வது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், நீட்டுவதை மெதுவாக்குவார் அல்லது நிறுத்துவார். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், சில வலி மாத்திரைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் மருத்துவர் எழுதியதை மட்டும் போடுங்கள்.

எடை ஊன்றப் பழக்க என்னிடம் ஒரு சாதாரண எடை மெஷின் இருக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை அதன்மேல் வைத்து, முள் 15 கிலோவில் நிற்கும்வரை ஊன்றச் சொல்வேன். 15 கிலோ என்றால் எவ்வளவு என்று காலுக்குத் தெரிந்துவிட்டால் நடக்கும்போது அதற்கு மேல் போகாது. வாரா வாரம் மருத்துவர் சொல்கிறபடி கூட்டிக்கொண்டே போவோம். இந்தக் காலத்தில் சைக்கிள் மெஷின் நல்லது, இடுப்பளவு தண்ணீரில் நடப்பது இன்னும் நல்லது. நீச்சல் குளத்தில் கைப்பிடியைப் பிடித்து இறங்கலாம். ஊர்க் கிணறு வேண்டாம், பாசிப் படியில் ஒரு சறுக்கல் போதும், ராடு வளைந்துவிடும்.

ஓட்டத்தை ஆரம்பிக்க நான் வைத்திருக்கிற கணக்கு, எலும்பு முழுசாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்வதோடு இன்னும் மூன்று. அரை மணி நேரம் வேகமாக நடந்தும் நொண்டல் வரக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 25 தடவை முழு உயரத்துக்குத் தூக்க வேண்டும், இரண்டு காலிலும். கட்டைவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். இன்றைக்கே இந்த மூன்றையும் செய்துபாருங்கள், உங்களுக்கு விளையாட்டாக இருக்கும். காலை நீட்டியவருக்கு இரண்டாவதை எட்டவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது வந்த பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பிப்போம். தாவுவதும் குதிப்பதும் எல்லாவற்றுக்கும் கடைசி. அப்புறம் ஒன்றரை இரண்டு வருடத்தில் ராடை எடுக்க இன்னொரு ஆபரேஷன், அதற்கு ஆறு வாரமாவது ஓட்டத்துக்கு விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் 1500 மீட்டர் உயரம். ஏறும்போது மூச்சு வாங்கும், தொடையைச் சோதிப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், ஏற்கெனவே இழுபட்ட தசைக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. அதனால் என்னிடம் தேறி வருகிறவர்களிடம், முதலில் நடந்து ஏறுங்கள், இறங்க பஸ்ஸில் வாருங்கள் என்பேன். கிளியூர் அருவிப் படியில் பிடிமானம் இல்லாமல் இறங்கி ஏற முடிகிறதா என்பதுதான் நான் வைக்கிற கடைசிப் பரீட்சை. நன்றாகத் தேறினார் என்று சொன்னேனே, அவர் அதை 22-ஆம் மாதத்தில் முடித்தார். அன்று மாலை போன் பண்ணி அழுதுவிட்டார்.

இனி வேலைக்கு வருவோம். உயரம் 170-ஐத் தாண்டிவிட்டாலும் உங்களுக்கு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. தொடையில் தழும்பு தெரியும், எக்ஸ்ரே எடுத்தால் ராடு தெரியும், ராடை எடுத்துவிட்டாலும் எலும்பு அறுபட்ட இடம் தெரியும். நல்ல காலை அறுத்துக்கொண்டு வந்தவரைச் சீருடைப் பணிக்குத் தகுதி என்று ஒரு மருத்துவர் கையெழுத்துப் போட எவ்வளவு தயங்குவார் என்று யோசித்துப்பாருங்கள். பல லட்சம், இரண்டு வருடம், அதற்குள் கடந்துபோகிற வயது வரம்பு, எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கும். அப்பா பத்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் இதைத் தேர்வு வாரியத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சீனாவில் உயரத்துக்காக மட்டும் இந்த ஆபரேஷன் செய்வதை 2006-லேயே அரசு தடை செய்துவிட்டது. வேலைக்கும் கல்யாணத்துக்கும் என்று இளைஞர்கள் வரிசையில் நின்று, கால் கெட்டுத் திரும்பியதைப் பார்த்த பிறகு வந்த தடை அது.

உங்கள் 167 எப்போது அளந்தது? மனித உடம்பு காலையில் எழுந்ததும் உயரமாக இருக்கும். நிற்க நடக்க முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டுகள் அமுங்கி, சாயங்காலத்துக்குள் ஒன்று, ஒன்றரை செ.மீ. குறையும், அதிலும் பாதிக்கு மேல் எழுந்த முதல் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும். கூன் போட்டு நிற்பவர், இடுப்பு முன்பக்கம் இறுகியவர் நிமிர்ந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். உங்களுக்கு 3 செ.மீ. வேண்டும், இதில் அது முழுக்க வராது, பொய்யான நம்பிக்கை தர எனக்கு இஷ்டமில்லை. ஆனால் உண்மையான அளவு எது என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். உயரம் வளர மாத்திரை, பவுடர் என்று விற்பதை வாங்காதீர்கள். 23 வயதில் எலும்பின் வளர்தட்டு மூடிவிட்டது, எந்த மருந்தும் அதைத் திறக்காது.

வனக்காவலர் பணியைப் பற்றி யோசித்ததுண்டா? ஆண்களுக்கு அங்கே 163 செ.மீ. போதும். உடல் திறன் சோதனை என்று வைப்பது 25 கி.மீ. தூரத்தை 4 மணி நேரத்தில் நடப்பது. ஏற்காடு ரோட்டில் வாரா வாரம் ஓடுகிறவருக்கு அது பழகிய வேலை. சேர்வராயன் மலைக் காட்டில் சீருடை போட்டு நடக்க உங்கள் 167 தாராளம். அறிவிப்பு வரும்போது அதில் இருக்கிற தகுதி விவரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் வேலையில்தான் மனசு இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அதை நான் மதிக்கிறேன். சின்ன வயதிலிருந்து வளர்த்த ஆசையை ஒரு அளவுகோல் வந்து மறித்தால் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது.

மூன்று நாள், காலையில் எழுந்த கால் மணி நேரத்துக்குள் சுவரோரம் நின்று அளந்து எழுதிவையுங்கள். சாயங்காலமும் அளந்து எழுதுங்கள். அப்புறம் ஒருநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். உங்கள் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் பார்த்து, ஆபரேஷன் செய்தால் எது முதலில் இறுகும் என்று அவர் முன்னாலேயே காட்டுகிறேன். வரும்போது தினமும் போட்டு ஓடுகிற ஷூவை எடுத்துவாருங்கள், அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.